இரண்டாவது ஆள் சொல்லும் விலை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, உரிமையாளர் தன் ரசனைக்கு ஏற்ப மாற்றிக் கட்டியது, முப்பது லட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கப் போகிறவர்கள் நேராகப் பானெட்டைத் தூக்குவார்கள். என்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். புதுச்சேரியில் அப்படியொரு காரை வாங்க நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் வேறு. முதலியார்பேட்டையில், நூறடிச் சாலையில், போக்குவரத்துத் துறை அலுவலகம் இருக்கிறது. அங்கே பதிவாகியிருக்கும் காரும் எதிரில் பளபளவென்று நிற்கும் காரும் ஒன்றுதானா என்ற கேள்வி, கார்புரேட்டர் ஒன்றா இரண்டா என்பதைவிட விலையைப் பெரிதாக அசைக்கும். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பொருளாதாரமும் நிறைய இரும்பும் பேச வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் இப்படி மாற்றிக் கட்டத் தோதான கார் எது என்று கேட்டால் ஃபெராரியும் போர்ஷேயும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்தான் வருகிறது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1961-இல் அங்கிருந்து ஹெரால்ட் வெளிவரத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்த அதே கார். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டி. 948 சிசி என்ஜின், சுமார் 35 குதிரைத்திறன், மட்கார்டுகளோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும் பானெட். இன்றைய ஸ்கூட்டர் மெக்கானிக்கூட நின்றபடியே வேலை பார்க்கலாம், அவ்வளவு வசதி.

அந்தக் காருக்குள் ஒரு விபத்தின் வரலாறு இருக்கிறது. அப்போதே சிறிய கார்கள் பெரும்பாலும் தனிச் சேஸிஸ் இல்லாமல், தகட்டு உடலே சுமையைத் தாங்கும் மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட்–டிரையம்ஃப் நிறுவனத்துக்கு உடல் அடித்துக் கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டியாளர் வாங்கிவிட்டார். முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லாததால், துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேஸிஸ் மீது போல்ட் போட்டுப் பூட்டும் பழைய முறைக்கே திரும்பினார்கள். பின்வாங்கல்தான். ஆனால் அந்தப் பின்வாங்கல்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பட்டறைக்காரர்களுக்குச் சோறு போடுகிறது. போல்ட்டைக் கழற்றினால் உடல் தனி, சேஸிஸ் தனி. 1962-இல் அதே நிறுவனம் அதே சேஸிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியின் கையால் வேறு உடல் போர்த்தி, ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை விற்றது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் ஹெரால்டில் 2,324 மில்லிமீட்டர், ஸ்பிட்ஃபயரில் 2,108. ஏறக்குறைய இருபத்திரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் ஒரு குடும்பக் கார் பந்தயக் கனவாகிவிடுகிறது. தொழிற்சாலை செய்ததைப் பட்டறையில் செய்ய முடியாதா என்று யாருக்கும் தோன்றும். சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்திய காலத்தில் ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் இப்படி வெட்டப்பட்டும் எடை குறைக்கப்பட்டும்தான் ஓடின.

இனி விலைக்கு வருவோம். நம் கற்பனை விற்பனையாளர் முப்பது லட்சத்தை எப்படி எட்டினார்? பெரும்பாலும் கூட்டல் கணக்குதான். வண்டிக்கு இவ்வளவு, டிங்கரிங்குக்கு இவ்வளவு, என்ஜினுக்கு, தோலுறைக்கு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கடிகார முகப்புக்கு, பெயின்ட்டுக்கு இவ்வளவு. ஒரு காரை முழுசாகக் கழற்றிச் சேர்க்க ஆயிரம் மணி நேர வேலை ஆவது சாதாரணம். பில்லெல்லாம் கோப்பில் இருக்கிறது, பொய்யில்லை. செலவு நிஜம். ஆனால் செலவு அவருடைய சங்கதி, விலை ஊருடைய சங்கதி.

1961-இல், அதாவது ஹெரால்ட் இங்கே வெளியான அதே ஆண்டில், வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் ஏலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஏறிக்கொண்டே போகும் சாதாரண ஏலத்தில் பொருளை வாங்குபவர் மிக அதிக ஆசை கொண்டவர்தான். ஆனால் அவர் கொடுக்கும் தொகையைத் தீர்மானிப்பவர் அவர் அல்ல, இரண்டாவதாக ஆசைப்பட்டவர். ஒருவர் நாற்பது லட்சம்வரை கொடுக்கத் தயார், அடுத்தவர் பன்னிரண்டோடு நின்றுவிடுவார் என்றால், சுத்தியல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே விழுந்துவிடும். மீதி கிட்டத்தட்ட இருபத்தெட்டு லட்ச ஆசை யாருக்கும் தெரியாமல் வாங்கியவரின் நெஞ்சிலேயே தங்கிவிடும். இதற்காக விக்ரிக்கு 1996-இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

மாற்றிக் கட்டிய காரின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டாவது ஆளிடம் இருக்கிறது. கட்டியவரின் ரசனைக்கு அது ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டை. ஊதா நிற உள்தோலும் தாழ்த்திய ஸ்டீயரிங்கும் அகலச் சக்கரமும் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, அதை விரும்பக்கூடியவர்களின் கூட்டம் ஒவ்வொரு படியிலும் சுருங்குகிறது. மாற்றாத ஹெரால்டுக்கு ஊரில் இருபது பேர் விலை கேட்பார்கள் என்றால், இதற்கு இரண்டு பேர் கேட்டாலே அதிகம்.

கட்டியவருக்கு இது புரிவது கடினம் என்பதற்கும் சோதனைச் சான்று இருக்கிறது. மைக்கேல் நார்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி என்ற மூவர் சிலரிடம் காகிதம் கொடுத்து ஓரிகாமி மடிக்கச் சொன்னார்கள். கோணல்மாணலாக மடித்தவர்கள் தங்கள் கைவேலைக்குச் சராசரியாக 23 சென்ட் கொடுக்க முன்வந்தார்கள். அதே காகிதத்துக்கு வேடிக்கை பார்த்தவர்கள் கொடுக்க நினைத்தது 5 சென்ட். தேர்ந்த கலைஞர் மடித்ததற்குப் பார்வையாளர்கள் மதிப்பிட்டது 27. தன் கை பட்டதைக் கலைஞன் வேலைக்குச் சமமாக நினைப்பது மனித இயல்பு. காகிதத்துக்கே இப்படி என்றால், இரண்டு தீபாவளியைப் பட்டறையில் கழித்த காருக்கு எப்படி இருக்கும்? ஆகவே விற்பவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் அவர் தன்னையே நம்புகிறார்.

அப்படியானால் மாற்றிக் கட்டிய எதுவும் விலை போகாதா? போகும். 1955-இல் லிங்கன் நிறுவனம் ஃப்யூச்சுரா என்று ஒரு காட்சிக் காரைச் செய்தது. பின்னாளில் அது ஜார்ஜ் பாரிஸ் என்ற வடிவமைப்பாளரிடம் ஒரு டாலருக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். 1966-இல் வந்த பேட்மேன் தொலைக்காட்சித் தொடருக்காக அதை வெட்டி ஒட்டி பேட்மொபில் ஆக்கினார். 2013-இல் அது 42 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கமிஷன் சேர்த்தால் 46 லட்சம். மாற்றத்துக்கு உலகம் முழுக்கச் சாட்சி இருந்தது. இரண்டாவது ஆள் மட்டுமல்ல, இருநூறாவது ஆளும் இருந்தார். கலிஃபோர்னியாவில் 2009-இல் ராப் டிக்கின்சன் தொடங்கிய சிங்கர் நிறுவனம், வாடிக்கையாளர்களின் பழைய போர்ஷே 911 கார்களை அக்கக்காகக் கழற்றி மறுபடி கட்டித் தருகிறது. ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மாற்றமும் ஆவணமாக இருக்கிறது, ஒரே தரத்தில் இருக்கிறது. ஒப்பிடப் பத்துக் கார் இருந்தால்தான் சந்தை என்று ஒன்று உருவாகிறது. தனியாக ஒரே ஒரு கார் நின்றால் அதற்கு இருப்பது சந்தையல்ல, வெறும் பேரம்.

காரைப் பகுதி பகுதியாகப் பிரித்து விலைபோடும் முறைக்கும் வயது கொஞ்சம் ஆகிவிட்டது. 1939-இல் ஆண்ட்ரூ கோர்ட் என்பவர் அமெரிக்கக் கார்களின் எடை, அச்சு இடைவெளி, குதிரைத்திறன் மூன்றையும் வைத்து விலையை விளக்கிக் காட்டினார். இன்று வீட்டு மனை முதல் கணினிவரை பயன்படும் கணக்குமுறை அது. பிறந்தது கார் விலையில்தான். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு எண் கிடைக்கும், எல்லாம் கூட்டினால் விலை. மாற்றிய காருக்கு இதைப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று நடக்கும்: சில குணங்களுக்கு முன்னால் கழித்தல் குறி வந்துவிடும். செலவு செய்து வாங்கிய கழித்தல் குறி. எவற்றுக்கு அப்படி வரும் என்று தெரிய, காருக்கு அடியில் படுக்க வேண்டும்.

புதுச்சேரியில் காருக்கு அடியில் படுப்பது கடலைப் பார்ப்பதற்குச் சமம். முதலியார்பேட்டை கடற்கரைச் சாலை அல்ல; கடலூர் சாலையில், 1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மில் பக்கத்தில் நின்றால் அலைச்சத்தம் கேட்காது. ஆனாலும் உப்பு வரும். அலை உடையும் இடத்தில் நுண்ணிய உப்புத்துளிகள் காற்றில் ஏறுகின்றன. பெரிய துளிகள் முதல் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடுகின்றன. சிறியவை உள்ளே பயணம் செய்கின்றன. அளவு வேகமாகக் குறைகிறது, பூஜ்யம் ஆவதில்லை.

உப்பு இரும்பை நேரடியாகத் தின்பதில்லை. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொடுக்கிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கரைந்து நீராகிவிடும். மழைக்காலத்தில் டப்பாவில் உப்பு கசியும் அதே சங்கதி. ஆனால் கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். புதுச்சேரிக் காற்று அவ்வளவு வறண்டு போவது அரிது. ஆக, சேஸிஸின் உள்மூலையில் படிந்த உப்பு ஆண்டு முழுக்க ஒரு மெல்லிய நீர்ப்படலத்தை இரும்பின்மேல் வைத்திருக்கிறது. அந்தப் படலத்துக்குள் ஓரிடத்தில் இரும்பு கரைய, பக்கத்தில் ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள, காருக்கு அடியில் ஓய்வே இல்லாமல் ஒரு சிறு பேட்டரி ஓடுகிறது. விளையும் துரு, மூல இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் இரண்டு தகடு சேரும் மடிப்பில் துரு புகுந்தால், வெளிப் பெயின்ட் உப்பிக் கொப்புளமாக எழுகிறது. கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும்.

இந்தத் துறையில் நமக்குப் பெருமைப்பட ஒன்று உண்டு. அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்தில் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் கடலோரமாக உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிறுத்தி, ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்று அளந்துவருகிறது. இந்தியாவுக்கான அரிப்பு வரைபடத்தையும் அதன் விஞ்ஞானிகள்தான் தயாரித்தார்கள். கோயம்புத்தூரில் இருந்த ஒரு ஹெரால்டும் நம் கடற்கரையில் இருந்த ஒரு ஹெரால்டும் ஏன் ஒரே விலைக்குப் போகக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

ஹெரால்டில் துரு விரும்பி உட்காரும் இடங்கள் தெரிந்தவைதான். நடுச் சேஸிஸிலிருந்து இருபுறமும் கை நீட்டி உடலைத் தாங்கும் குறுக்குத் தாங்கிகள், கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிப் பட்டைகள், டிக்கியின் அடி. பெரும்பாலும் உள்ளே வெற்றாக இருக்கும் பெட்டி வடிவம். தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. மேலே புதுப் பெயின்ட் அடித்து மறைக்க மிகவும் வசதி. மறைத்ததைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன கருவி போதும். பெயின்ட் தடிமன் மானி என்பது ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, கீழே இரும்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட் என்றால் நூறிலிருந்து இருநூறு மைக்ரோமீட்டருக்குள் நிற்கும். ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கருவி எண்ணே காட்டவில்லை என்றால் அங்கே இரும்பே இல்லை, வெறும் ஃபைபர். கையில் மானி இல்லாதவர் துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப் போகலாம். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு அளவீடுதான்.

துருவைக்கூடத் தகடு மாற்றிச் சரிசெய்யலாம். சேஸிஸை வெட்டியிருந்தால் விஷயம் வேறு. ஸ்பிட்ஃபயரின் குட்டைச் சேஸிஸ் தனியாக நின்று சுமையைத் தாங்குவதில்லை. அந்தக் காரில் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பட்டைகளையும் சுமை தாங்கும் உறுப்பாக டிரையம்ஃப் பொறியாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். ஹெரால்டில் அந்தப் பட்டைகள் கிட்டத்தட்ட அலங்காரம். ஹெரால்டை வெட்டிக் குட்டையாக்கி, கூரையை நீக்கி, மேலே ஸ்பிட்ஃபயர் உருவத்தை மட்டும் போர்த்தினால், அந்தக் கணக்கு பாதியில் நிற்கிறது. வெல்டிங் செய்த கோட்டுக்குப் பக்கத்தில் இரும்பு ஒருமுறை கொதித்து ஆறியிருக்கும். உள்ளே இழுவிசை உறைந்து கிடக்கும். ஒவ்வொரு வேகத்தடையும் அந்த இடத்தை ஒருமுறை வளைத்துப் பார்க்கும். ஒரே அடியில் உடையாது. தலைமுடி அளவு விரிசல் விட்டு, ஆயிரக்கணக்கான வளைவுகளில் மெல்ல மெல்லப் பெருகும். இதைப் பார்க்கச் சாய ஊடுருவல் சோதனை இருக்கிறது: சிவப்புச் சாயம் பூசி, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தெளித்தால் விரிசலுக்குள் நுழைந்த சாயம் கோடாக வெளியே வரும். செலவு சில நூறு ரூபாய். முப்பது லட்சம் கேட்பவர் அதற்கு மறுக்க ஒரு நியாயமும் இல்லை.

அடுத்தது வேகம். 35 குதிரைத்திறன் என்ஜினை எடுத்துவிட்டு எழுபது குதிரைத்திறன் உள்ள புதுக் கார் என்ஜினைப் பொருத்துவதுதான் இந்த மாற்றங்களில் மிகவும் பிரபலம். அதிவேகத்தில் தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. அதனால் திறனை இரட்டித்தால் உச்ச வேகம் 26 சதவீதம்தான் கூடும். ஆனால் பிரேக் உள்வாங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கம். அது 59 சதவீதம் கூடிவிடும். பழைய டிரம் பிரேக் அந்த வெப்பத்தைக் கக்க முடியாமல், மூன்றாவது நான்காவது மிதியில் பிடி தளரும். ஆகவே என்ஜினைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும் விற்பனையாளர் பிரேக்கைப் பற்றி எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று கவனிக்க வேண்டும்.

ஹெரால்டுக்குப் பின்பக்கத்தில் இன்னொரு குணம் உண்டு. பின் சக்கரங்கள் இரண்டும் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பெட்டியோடு கீல் போட்டதுபோல் இணைந்து, தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். மேடுபள்ளத்தில் சுகம். ஆனால் வேகமாகத் திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால், காரின் பின்பாகம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். தரையைத் தொடும் டயர்ப் பரப்பு சுருங்கும். வண்டியின் வால் வெளியே வீசும். டிரையம்ஃப் நிறுவனமே இதை ஸ்பிட்ஃபயரில் 1970-இல்தான், பட்டை ஸ்பிரிங்கின் நடு இணைப்பை மாற்றி, ஒருவாறு தீர்த்தது. இரட்டிப்புத் திறன் கொடுத்துவிட்டு இதைத் தொடாமல் விட்ட காரை ஓசியில் கொடுத்தாலும் நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்ட மாட்டேன்.

இவ்வளவும் இரும்பின் கதை. இதில் எல்லாம் தேறிய கார் என்றே வைத்துக்கொள்வோம். துரு இல்லை, விரிசல் இல்லை, பிரேக் மாற்றியாயிற்று. இப்போது மறுபடி நூறடிச் சாலைக்கு வர வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிபொருள் வகையை மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு அனுமதி பெறும் வழி உண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று, உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே வாசித்தது: நிறம் மாற்றலாம், சில்லறை விஷயங்கள் பரவாயில்லை; வண்டியின் அடிப்படைக் கட்டமைப்பைத் தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக மாற்றினால் பதிவு செய்ய முடியாது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், இப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை என்றது. முகப்பு விளக்கை மாற்றியதையும் சேஸிஸை வெட்டியதையும் ஒரே தட்டில் வைக்கும் இந்தக் கூட்டல் முறை எனக்கு அவ்வளவு உவப்பானதல்ல. ஆனால் காரை விலை பேசுகிறவருக்கு என் உவப்பு உதவாது.

"பழைய வண்டிதானே, விண்டேஜ் என்று பதிந்துவிடலாம்" என்பது அடுத்து வரும் சமாதானம். 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி வரிசை எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி. அறுபதுகளின் ஹெரால்டுக்கு வயது தகுதி இருக்கிறது. ஆனால் விதி இன்னொன்றும் கேட்கிறது: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. பதிந்தாலும் அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான்.

ஆக, வெட்டிக் கட்டிய ஹெரால்ட் இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கிறது. சாதாரண வண்டியாக வைத்திருக்க அது மாறிவிட்டது. விண்டேஜாகப் பதியவும் அதே மாற்றம்தான் தடை. பதிவைப் புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டிய நாள் வரும். அன்றைக்கு ஆய்வாளர் ஆர்.சி. புக்கைப் பார்ப்பார், நான்கு இருக்கை என்று எழுதியிருக்கும் இடத்தில் இரண்டு இருக்கை இருக்கும்.

புதுச்சேரி எண்பலகைக்கு இன்னொரு சுமையும் உண்டு. இங்கே சாலை வரி அண்டை மாநிலங்களைவிடக் குறைவு என்பதால், இங்கே வசிக்காதவர்களும் இங்கத்திய முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிந்தார்கள். 2017-இல் கேரளத்தில் அது பெரிய வழக்காக வெடித்தது. அதற்குப் பிறகு பி.ஒய். 01 என்று தொடங்கும் கவர்ச்சியான கார் ஒன்றை வெளியூர்க்காரர் வாங்க வந்தால், முகவரியைப் பற்றி இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார். வாங்கித் தமிழ்நாட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள நினைத்தால் தடையின்மைச் சான்று, மறுபதிவு, அந்த மாநில வரி என்று தொடரும். ஒவ்வொரு மேசையிலும் வண்டியும் காகிதமும் ஒத்துப்போக வேண்டும்.

சேஸிஸ் எண்ணே மாற்றப்பட்டிருந்தால்? அதற்கும் இரும்பு சாட்சி சொல்லும். எண்ணைக் குத்தும்போது பள்ளத்துக்குக் கீழேயும் உலோகத்தின் படிக அமைப்பு நசுங்குகிறது. மேலே அரம் வைத்துத் தேய்த்துப் புது எண் குத்தினாலும் அந்த நசுக்கல் உள்ளே இருக்கும். காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், நசுங்கிய பகுதி வேறு வேகத்தில் கரைந்து, பழைய எண் ஆவிபோல் மேலெழும். தடயவியல் ஆய்வகங்களின் பழைய வித்தை இது. காரைச் சேர்த்தவர் இரண்டு காரை ஒன்றாக ஒட்டியிருந்தால், விலையல்ல, வழக்குதான் மிஞ்சும்.

இனி முப்பது லட்சத்துக்கு என் பதில். சேஸிஸ் வெட்டப்படாமல், உடல் மட்டும் கழற்றி மாட்டக்கூடிய மாற்றமாக இருந்து, பழைய என்ஜினையும் பழைய உடல் பாகங்களையும் விற்பவர் பத்திரமாக வைத்திருந்து, கழற்றிய ஒவ்வொரு கட்டத்துக்கும் புகைப்படம் இருந்தால், பேச உட்காரலாம். அப்போது வாங்குபவர் கையில் இரண்டு கார் இருக்கிறது: பிடித்தால் இப்படியே வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அசலுக்குத் திரும்பி விண்டேஜாகப் பதிய முயலலாம். அசல் காரை விரும்பும் இருபது பேரில் யாராவது ஒருவர் இரண்டாவது ஆளாக வந்து நிற்பார். அப்படியும் அசல் ஹெரால்டின் விலைக்கு மேல் எவ்வளவு என்று கேட்டால், பிரேக்குக்கும் நல்ல உலோக வேலைக்கும் மட்டும்தான் கூட்டுவேன். தோலுறைக்கும் நிறத்துக்கும் பாராட்டு போதும்.

வெட்டிய சேஸிஸ் என்றால் முப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நான் சொல்ல மாட்டேன். அது சாலைக்கான கார் அல்ல. பாகங்களின் தொகுப்பு, அல்லது பந்தயத் தடத்துக்கான பொம்மை. தடத்தில் ஓட்டுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த தடம் இருக்கிறது, இந்த மாதிரிக் கார்களை ரசிக்கும் கூட்டமும் அங்கேதான் கூடும். விற்பவர் காரை அங்கே கொண்டுபோய்க் காட்டினால் இரண்டாவது ஆள் கிடைக்கக்கூட வாய்ப்பிருக்கிறது. கொண்டுபோக டிரெய்லர் வேண்டும், சாலையில் ஓட்டிப் போக முடியாது. விலை பேசும்போது அந்த வாடகையையும் கழித்துக்கொள்ளுங்கள்.